இரண்டு சீட்டு, ஒரே உடம்பு

சென்ற மாதம் ரேவதி போன் செய்திருந்தாள். நான் வேலை பார்த்த கடைசி நான்கு வருடம் மருந்து கொடுக்கும் அறையில் எனக்கு உதவியாக இருந்தவள். இப்போது சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருக்கிறாள். அங்கே புதிதாகக் கணினி வைத்திருக்கிறார்களாம். ஒரு நோயாளி எந்த டாக்டரிடம் காட்டினாலும் அவருக்கு எழுதிய மருந்தெல்லாம் ஒரே திரையில் வந்து நிற்குமாம். சேரக் கூடாத மருந்தென்றால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்குமாம். பெருமையாகச் சொல்லிவிட்டு, “உங்க காலத்துல இதெல்லாம் எப்படிம்மா பாத்தீங்க?” என்று கேட்டாள்.

பார்க்கவில்லை. அதுதான் பதில். அவளிடம் ஏதோ சொல்லி போனை வைத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தேசூர்ப் பெண். வேலூரில் மருந்தாளுநர் படிப்பு இரண்டு வருடம், காட்பாடியில் ஒரு கடையில் ஒரு வருடம், அதற்குப் பிறகு இருபத்தாறு வருடமும் ஆரணியில்தான். பட்டுத் தறிக்காரர்கள் நிறைந்த தெருக்களுக்கு நடுவில் ஒரு அறக்கட்டளை நடத்திய மருத்துவமனை. இன்று அது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

என் அறைக்கு ஒரு கம்பிவலை ஜன்னல். அதன் அடியில் அரைவட்டமாக ஒரு துளை. வலைக்குப் பின்னால் முகம் மங்கலாகத்தான் தெரியும். கை மட்டும் துளை வழியாக உள்ளே வரும். கையில் சீட்டு இருக்கும். சீட்டை வாங்கு, படி, எண்ணு, கட்டு, எப்படிச் சாப்பிடுவது என்று சொல், சீட்டில் முத்திரை குத்து, அடுத்த கையைப் பார். இதுதான் என் வேலை. சீட்டில் இல்லாததைக் கொடுக்கக் கூடாது, சீட்டில் இருப்பதைக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் பழைய சீட்டு செல்லாது. இதைச் சிவப்பு மையில் எழுதி ஜன்னலுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். நானும் அதைச் சாமி படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை தோல் டாக்டர் வேலூரிலிருந்து வருவார். வெள்ளிக்கிழமை எலும்பு டாக்டர். எலும்பு டாக்டர்தான் மருத்துவமனைக்கே தலைமை. தோல் சீட்டு மஞ்சள், எலும்பு சீட்டு வெள்ளை. இருவரும் ஒரே நாளில் வந்ததே இல்லை. இரண்டு நிறச் சீட்டும் வந்து சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான். என் ஜன்னல்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சள் சீட்டோடு ஒரு பெண் வந்தாள். அம்சா, பெண், 34 என்று எழுதியிருந்தது. தார் களிம்பு எழுதியிருந்தார். அது அப்போது கடையில் கிடைக்காது, நான்தான் செய்யவேண்டும். பீங்கான் பலகையில் வாசலினைப் பரப்பி, நிறுத்த சாலிசிலிக் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, தட்டைக் கத்தியால் ஒரே பக்கமாகத் தேய்க்கவேண்டும். விரலில் எடுத்துப் பார்த்தால் ஒரு மணல்கூட நெருடக் கூடாது. கடைசியில்தான் நிலக்கரித் தார். அதைச் சேர்த்ததும் அறை முழுக்கப் புது ரோடு போட்ட வாசனை வரும். அன்று முழுக்கச் சோறு இறங்காது. செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் படைக்கு அந்தக் காலத்தில் அதுதான் மருந்து.

டப்பியைக் கொடுத்து, முழங்கை, முழங்கால், தலை, தினம் இரண்டு வேளை என்றேன். சொல்லும்போதே அவள் கையைப் பார்த்தேன். அரைக்கை ரவிக்கை. முழங்கை இரண்டும் துடைத்துவிட்ட பாத்திரம்போல் சுத்தமாக இருந்தது. எங்கே படை என்று கேட்டேன். அவள் ஜன்னல் வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கில்லீங்கம்மா, எங்க ஊட்டுக்காரருக்கு. பட்டு தொடற கை. படைன்னு தெரிஞ்சா மொதலாளி பாவு குடுக்கமாட்டாரு. அதான் எம்பேர்ல சீட்டு போட்டுக்கினோம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் கணவர் தனகோட்டி, வீட்டில் சொந்தத் தறி. ஆனால் தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டு இழையான பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. நெய்வது பெரும்பாலும் முகூர்த்தப் புடவை. தோல்நோய்க்காரன் நெய்த புடவையை மணமேடையில் யார் உடுத்துவார்கள்? தொட்டால் ஒட்டாத நோய் அது. ஆனால் அதை ஊருக்கு யார் போய்ச் சொல்வது? ஆகவே இருவருமாக உள்ளே போயிருக்கிறார்கள். அவர்தான் சட்டையைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். சீட்டில் பெண், 34. எதிரே உட்கார்ந்திருப்பது மீசை வைத்த ஆள். தோல் டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று வரவில்லை.

அடுத்த மாதம் வந்தபோது டப்பி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஏன் என்றேன். அமாவாசைக்கு மட்டும்தான் போடுகிறாராம். எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓடாது. மற்ற நாளில் போட்டால் பாவில் பட்டுவிடும். “பட்டுல எண்ணெ பட்டா போச்சும்மா, தூக்கிப் போடவேண்டியதுதான்” என்றாள். இரவில் போட்டுக் காலையில் குளிக்கலாமே என்றேன். நாற்றம் போவதில்லையாம். புடவையைப் பிரித்ததும் முதலாளி மூக்கைச் சுளிப்பாராம். தினம் இரண்டு வேளை போடவேண்டியதை மாதம் ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, தோல் டாக்டர் ஒவ்வொரு முறையும் அதே களிம்பைத்தான் எழுதினார். நானும் ஒவ்வொரு முறையும் அதையே தேய்த்துக் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளைச் சீட்டோடு ஒரு கை உள்ளே வந்தது. தனகோட்டி, ஆண், 41. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன் போட்டிருந்தது. ஆள்காட்டி விரல் முழுக்க, நுனியிலிருந்து அடிவரை, பஜ்ஜி மிளகாய்போல் வீங்கியிருந்தது. நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். அதை நான் பார்த்தேன். எதையும் பார்க்காமல் விட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

எலும்பு டாக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். நோயாளி உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். நாற்காலியைத் தானே இழுத்துப் போடுவார். நோயாளியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு கணுவாக அழுத்தி அழுத்திப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே, தறியில் இப்போது என்ன நிறம் ஓடுகிறது, பெரியவள் எத்தனையாவது படிக்கிறாள் என்று கேட்பார். வெளியே வரும் ஆளுக்குப் பாதி வலி போயிருக்கும். ஆனால் அந்த மணிக்கட்டுப் பட்டனை அவிழ்க்கச் சொன்னதே இல்லை. அவர் மணிக்கட்டோடு நின்றுவிடுவார். தறிக்காரன் கை வலிக்கிறது என்றால் அவருக்குக் காரணம் தறிதான். குறுக்கிழை ஓட்டும் நாடாவை இழுத்து இழுத்து வருவது என்பார். தறி வாதம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். தனகோட்டியும் தலையை ஆட்டினார். தறியால் வந்தது என்றால் கௌரவமாக வெளியே சொல்லிக்கொள்ளலாமே.

இரண்டு வருடம் வலி மாத்திரை. காலையில் விரல் மடங்காமல் வெந்நீரில் கையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் தறிக்குழியில் இறங்குவாராம். நடுவிரலும் வீங்கத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை அம்சா பெயரில் களிம்பு, வெள்ளிக்கிழமை தனகோட்டி பெயரில் மாத்திரை. ஒரே உடம்புக்கு இரண்டு சீட்டு. மருத்துவமனையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

அப்போதுதான் எலும்பு டாக்டரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவை தனகோட்டி கையால்தான் நெய்யவேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அன்பாகத்தான் சொன்னார். அரக்கு நிறம், அகலக் கரை. அரக்கு நிறத்தில் ஒரு வெள்ளைச் செதில் விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். தனகோட்டி தலையில் துண்டு கட்டிக்கொண்டு, முழங்கைகளில் துணி சுற்றிக்கொண்டு நெய்தார். விரலோ அறுந்த இழையை முடிபோட மறுத்தது. டாக்டர் கையைப் பார்த்து வருத்தப்பட்டு, கொஞ்சம் வேகமான மருந்து தருகிறேன் என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். நான் எண்ணிக் கொடுத்தேன்.

பத்து நாளில் அம்சா சிரித்த முகத்தோடு வந்தாள். விரல் மடங்குகிறதாம். அதோடு, “படையும் ஓடிப்போச்சுங்கம்மா. களிம்பே வேணாம். இந்த மாத்திரய மொதல்லயே குடுத்திருக்கக் கூடாதா?” என்றாள்.

விரலுக்குக் கொடுத்த மாத்திரையில் படை எப்படிப் போகும்? வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து பழைய பாடப் புத்தகத்தை இறக்கினேன். இருந்தது. இந்தப் படைக்காரருக்கு அந்த மாத்திரை கொடுத்தால் தோல் உடனே சுத்தமாகும், நிறுத்தும்போது பல மடங்காகத் திரும்ப வரும் என்று எழுதியிருந்தது. அதே பக்கத்தின் அடியில், இவர்களில் சிலருக்கு மூட்டுகளும் வீங்கும் என்று ஒரு வரி. பரீட்சைக்கு வராது என்று நான் கோடுகூடப் போடாமல் விட்ட வரி.

அந்த வார வெள்ளிக்கிழமை காலை டாக்டர் அறைக்குப் போனேன். தனகோட்டிக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்று தோன்றுகிறது என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். படை என்ற ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தறியில் ஓடிக்கொண்டிருப்பது அவர் மகளின் புடவை. சொன்னால் அன்று மாலையே பாவை இறக்கிவிடுவார்கள், தனகோட்டிக்கு மறுபடி யாரும் பாவு தரமாட்டார்கள். அம்சாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாயிலிருந்து வந்தது, “ஏதோ படிச்சேன் சார்” என்பதுதான்.

அவர் சிரித்தார். கோபமில்லாத, நல்ல சிரிப்பு. “நீங்க மாத்திரையை எண்ணுங்கம்மா. மனுஷனை நான் பாத்துக்கறேன்.”

எனக்கு அவமானமாக இல்லை. நிம்மதியாக இருந்தது. சொல்லிப் பார்த்தாயிற்று, இனி அவர் பாடு என்று திரும்பி வந்து எண்ணினேன். அவருடைய சிரிப்பைவிட என்னுடைய அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் எதையாவது எடுத்துச் சுவரில் எறியவேண்டும்போல் இருக்கிறது.

மூன்று மாதம் மாத்திரை ஓடியது. புடவை முடிந்தது. டாக்டர் கல்யாணத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தனகோட்டி பழைய சீட்டோடு வந்து நின்றார். தேதி தாண்டிய சீட்டு. இரண்டு நாளைக்காவது கொடுங்கள் என்றார். நான் மேலே மாட்டியிருந்த சிவப்பு மை அறிவிப்பைக் காட்டினேன். நிறுத்துவது நல்லதுதானே என்று எனக்குள் ஒரு அறிவாளி வேறு சொன்னாள். புத்தகத்தில் அதற்கு அடுத்த வரியை அந்த அறிவாளி படிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது. அவர் கையை இழுத்துக்கொண்டு போனார்.

பதினைந்து நாள் கழித்து அம்சா ஜன்னலுக்கு ஓடி வந்தாள். கையில் சீட்டில்லை. வீட்டுக்கு வாங்க என்றாள். போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை என்று நினைத்துத் தனகோட்டியை மூன்று நாளாக மருந்தே கொடுக்காமல், வாழையிலையில் படுக்கவைத்திருந்தார்கள். உடம்பு முழுக்க நெருப்புப் பட்டதுபோல் சிவப்பு. அதன் மேல் கடுகு கடுகாகச் சீழ்க்கொப்புளம். குளிர் காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் இரண்டும் அசையவே இல்லை. தறியில் அடுத்த பாவு பாதியில் நின்றது.

“இது அம்மை இல்ல, எடுங்க அந்த வேப்பிலய” என்று கத்தினேன். தெருவே வந்து பார்த்தது. அன்று மதியமே வேனில் வேலூருக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பார்த்த டாக்டரம்மா முதலில் பார்த்தது நகத்தை. அந்தக் குழிகளே இந்தப் படைக்கு அடையாளமாம். பிறகு தலையை விலக்கிப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். இதுவரை பார்த்த சீட்டெல்லாம் கொடுங்கள் என்றார். அம்சா பையிலிருந்து இரண்டு கட்டு எடுத்தாள். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. யார் அம்சா என்று அவர் கேட்டார். அம்சா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா கட்டிலின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார்.

“ரெண்டு வியாதி இல்லம்மா, ஒண்ணுதான். தோல்ல இருந்தது மூட்டுக்கும் வந்திருக்கு. தோலையும் மூட்டையும் சேத்துப் பாத்திருந்தா, ரெண்டுக்கும் ஒரே மருந்து இருக்கு. இந்த விரல் இப்படி ஆயிருக்காது.” பிறகு என்னைப் பார்த்து நீங்கள் யார் என்றார். மருத்துவமனையில் மருந்து கொடுப்பவள் என்றேன். சீட்டுகளில் இருந்த முத்திரையைப் பார்த்தார்.

“அப்ப ரெண்டு சீட்டும் உங்க கைக்குத்தானே வந்துச்சு?”

அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். என் இருபத்தாறு வருடத்தில் என்னிடம் கேட்ட ஒரே சரியான கேள்வி அது.

வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை கொடுத்தார்கள். மாதாமாதம் ரத்தம் பார்த்தார்கள். தோல் அடங்கியது. மற்ற விரல்களில் வீக்கம் வடிந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் மடங்கியபடியே இறுகிவிட்டன. உள்ளே எலும்பு அரித்து ஒட்டிக்கொண்டதாம். இழை முடிபோடும் இரண்டு விரல்கள்.

டாக்டர் விடுப்பு முடிந்து வந்ததும் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை படை என்ற வார்த்தையையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. பிறகு கேட்டார்: “அந்தப் புடவையை என் பொண்ணு கட்டினாளே. ஒண்ணும் ஆகிடாதே?”

படித்த டாக்டர் கேட்ட கேள்வி இது. ஊர்க்காரர்கள் பயந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். இவர் கேட்டதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. “உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது சார். அவர் விரலுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அவர் என்னிடம் சீட்டு மூலமாகத்தான் பேசினார்.

உடம்பு தேறி தனகோட்டி ஜன்னலுக்கு வந்தார். துளை வழியாக அந்தக் கை உள்ளே வந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இத்தினி வருசமா யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தீங்களே, அது போதும்மா. பெரிய மனசு” என்றார். எனக்கு வந்த கோபத்தில் மாத்திரை டப்பா கையிலிருந்து விழுந்தது. பொறுக்கும் சாக்கில் குனிந்து, அவர் போகும்வரை நிமிரவில்லை.

அவர் நெய்ய முடியாமல் போனதும் அம்சா தறியில் உட்காரப் பார்த்தாள். வேலை தெரிந்தவள்தான். முதலாளி பாவு தர மறுத்துவிட்டார். தோல் சீட்டில் இருந்தது அவள் பெயர் அல்லவா? யார் வாய் வழியாகவோ வெளியே கசிந்துவிட்டது. அம்சாவுக்குப் படை என்று ஊர் பேசியது. அவள் என் ஜன்னலுக்கு வந்து இரண்டு கையையும் முழங்கைவரை உள்ளே நீட்டினாள்.

“பாருங்கம்மா. உங்களுக்குத் தெரியுமில்ல? நான் சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. அவரு சொல்லமாட்டேங்கறாரு. நீங்க வந்து சொல்லுங்க.”

ஜன்னலைச் சாத்தினேன். வெளியே பன்னிரண்டு பேர் சீட்டோடு நின்றார்கள். வேலை நேரத்தில் அந்த அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தது அதுதான் முதல் முறை. அம்சாவோடு முதலாளி கடைக்கு நடந்துபோய், வந்திருந்த வியாபாரிகள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இவளுக்கு ஒன்றும் இல்லை. படை தனகோட்டிக்கு. அது யாருக்கும் ஒட்டாது, பட்டுக்கும் ஒட்டாது. முதலாளி வெகுநேரம் ஜரிகைக் கண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அம்சாவுக்குப் பாவு வந்தது.

ரேவதிக்கு மறுபடி போன் செய்து கேட்கவேண்டும். அவளுடைய திரையில் அம்சா என்று பெயர் கொடுத்தால், தனகோட்டிக்குச் சிவப்பு எழுத்து வருமா?

தனகோட்டி அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. சில வருடம் கழித்து ஒரு முறை போளூர் பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். போளூர் வரும்வரை வெளியே எடுக்கவில்லை. அந்த முதல் வெள்ளிக்கிழமை, நகத்தில் குழியைப் பார்த்தபோதே நான் வாயைத் திறந்திருந்தால், அந்தக் கையில் மறைக்க ஒன்றும் இருந்திருக்காது.